மஞ்சள் பூட்டுக்கு ஆன செலவு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பதிவாளர் என்னிடம் இதை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் விரல் மடக்கி ஒரே பதிலைத்தான் சொன்னேன். டெலிபோன் போர்டு முன்னால் நாற்காலியில் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சிஸ்டம் சார். செர்வர் அறை வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியும் மற்றதைக் கழற்றாமலும் நின்றுகொண்டிருந்த லேப் அசிஸ்டென்ட் மேடம். இருபது லிட்டர் கேனைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த தண்ணீர்க்காரர். ஐந்தாவது ஆள் கிடையாது.

காஞ்சிபுரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் அப்போது ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அப்புறம் பதினொரு வருடம் ஐயம்பேட்டையில் அடுத்த வீட்டுத் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றினேன். பிறகு ஒரு ஏஜென்ட் மூலமாக அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போனேன். ஏற்கெனவே இருந்த ஆபரேட்டர் பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வராததால், லைன் மாற்றிக் கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்த என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சம்பளம் இரண்டாயிரத்து அறுநூறு. அதையும் பல்கலைக்கழகம் கொடுக்காது, ஏஜென்ட்தான் கொடுப்பார். வருடா வருடம் மார்ச் மாதம் காண்டிராக்டைப் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. என் சுபாவம் அப்படி. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். லைன் செத்துவிட்டதோ என்று ரிசீவரை எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன்.

அந்த அறையின் நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. செர்வர் அறைக்குள் தூசு போகக் கூடாது என்று, உள்ளே போகிற எல்லோரும் ஷூவையும் செருப்பையும் என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கழற்றிவிட்டுப் போவார்கள். உள்ளே இயந்திரங்களுக்கு இரவும் பகலும் ஏசி. வெளியே எனக்கு ஷூ. சித்திரை மாத வெயிலில் மைதானம் தாண்டி வந்த வாத்தியார்களின் சாக்ஸ் எப்படி நாறும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. சாப்பாட்டு டப்பாவை நான் ஒருநாளும் அங்கே திறந்ததில்லை.

அதைவிட மோசம் சிஸ்டம் சார். செர்வர்கள் எல்லாம் அவர் பொறுப்பு என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் போனில் பேச வேண்டி வந்தால், முதலில் கைக்குட்டையில் ஸ்பிரிட் நனைத்து ரிசீவரைத் துடைப்பார். லேப் மேடம் பேசிவிட்டு வைத்ததைத் துடைக்க மாட்டார். நான் வைத்ததைத்தான் துடைப்பார். ஐயம்பேட்டையில் நான் எந்தத் தெரு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே விசாரித்து வைத்துக்கொண்ட ஆள் அவர். அப்படிச் சுத்தமாகத் துடைத்த ரிசீவரில் பேசிக்கொண்டே, கடன் போட்டு வாங்கிய காரின் சாவியால் காதைக் குடைவார். சாவி நுனியில் வந்ததை என் மேசை விளிம்பில் தடவிவிட்டுப் போவார். தினமும் சாயங்காலம் அதை நான்தான் பழைய துணியால் துடைத்தேன்.

அந்த வருடங்களில் மாதச் சம்பளக்காரர்களை பேங்க்குகள் துரத்தித் துரத்தி கிரெடிட் கார்டு கொடுத்தன. பஸ் ஸ்டாண்டிலேயே குடை விரித்து உட்கார்ந்து கொடுத்தார்கள். வாங்கியவர்கள் கட்டவில்லை. கட்டாதவர்களை வசூல்காரர்கள் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்து தேடினார்கள். அப்படித் தேடப்பட்ட ஏழு பேருடைய பெயர்கள் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. இந்த ஏழு பேரையும் யாராவது புதுக் குரல் கேட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். லீவு, மீட்டிங் என்றெல்லாம் சொல்லக் கூடாது, மறுபடி கூப்பிடுவார்கள். அப்படி ஒரு ஆளே இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். யாரும் ஆர்டர் போட்டு ஒட்டிய சட்டமில்லை இது. ஆனால் ஆபீஸில் எழுதி ஒட்டிய சட்டங்களை எல்லாம்விட ஒழுங்காக நடந்தது இது ஒன்றுதான்.

ஏழு பேரில் முதல் பெயர் சிஸ்டம் சாருடையது. மூன்று கார்டு, ஒரு பர்சனல் லோன். எனக்குப் பொய் சொல்ல வராது. நாக்கு குழறும். அதனால் அவரே ஒரு துண்டுச் சீட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: "நோ சார், நோ சச் பர்சன் ஒர்க்கிங் ஹியர்." ஷேர் ஆட்டோவில் போகும்போதும் வரும்போதும் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். நான் சொல்லிக் காட்டியபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

"சூப்பர்மா! கான்வென்ட்ல படிச்ச பொண்ணு மாரியே இருக்குது. இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லு."

கோபமாகச் சொல்லவும் பழகிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சர்ட்டிபிகேட் விவகாரம் வந்தது. பரீட்சைக் கட்டணத்தையும் அப்ளிகேஷனையும் இன்டர்நெட்டிலேயே வாங்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தைத் திறந்தால், இந்த இடத்தை நம்ப முடியாது, உள்ளே போகாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்குமாம். அந்த எச்சரிக்கை போய், கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சின்னதாக மஞ்சள் பூட்டு ஒன்று வர வேண்டும். பூட்டு வந்தால்தான் இன்டர்நெட்டில் பணம் வாங்கச் சம்மதிப்போம் என்று பேங்க் சொல்லிவிட்டது. அந்தப் பூட்டுக்குப் பெயர் பாதுகாப்புச் சான்றிதழ். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விற்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரு செர்வருக்கு, நம் ரூபாயில், ஒன்பதாயிரத்து அறுநூறு. டாலரில் கட்ட வேண்டியிருந்ததால் சிஸ்டம் சார் தன் கார்டில், மூன்றில் இன்னும் முடக்கப்படாமல் இருந்த ஒன்றில், கட்டினார். பல்கலைக்கழகம் வவுச்சர் போட்டு அந்தத் தொகையை அவர் கையில் பணமாகக் கொடுத்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் நண்பர்களிடம் போனில் பேசுகிற அத்தனையும் எனக்குக் கேட்கும். சர்ட்டிபிகேட் கொடுப்பவன் சும்மா கொடுக்க மாட்டான். நாங்கள் நாங்கள்தானா என்று பார்ப்பான். பல்கலைக்கழகம் பதிவான பேப்பர் கேட்டான். லெட்டர்பேடில் பதிவாளர் கையெழுத்தும் வட்ட முத்திரையும் போட்ட கடிதம் கேட்டான். அதைப் பேக்ஸில் அனுப்பியது நான்தான். முத்திரை கறுப்பாகத் தெரிகிறது, எழுத்துப் படிக்க முடியவில்லை என்று நான்கு முறை திருப்பிக் கேட்டான். நான்காவது முறை புது மைப்பெட்டி வாங்கி முத்திரை குத்தி அனுப்பினோம்.

கடைசியில் ஒரு சோதனை உண்டு. கம்பெனிக்காரன் போன் செய்து, விண்ணப்பித்த ஆள் நிஜமாகவே அங்கே வேலை செய்கிறாரா என்று கேட்பான். நாம் கொடுக்கிற செல் நம்பருக்குச் செய்ய மாட்டான். டெலிபோன் டைரக்டரியில் அச்சாகியிருக்கிற நம்பருக்குத்தான் செய்வான். டைரக்டரியில் இருந்தது என் போர்டு நம்பர். இது சிஸ்டம் சாருக்குத் தெரியும். கம்பெனி அனுப்பிய மெயிலில் தெளிவாக இருந்ததைப் பிற்பாடு பதிவாளரே வாசித்துக் காட்டினார். ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி ஒரு போன் வரும், வந்தால் ஆமாம் என்று சொல் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரிசீவரைத் துடைக்கிற நேரம் ஆகுமா?

போன் வந்தது நாலரை மணிக்கு. வசூல்காரர்கள் கூப்பிடுகிற நேரமும் அதுதான். குரல் வசூல்காரன் குரல் மாதிரி இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற இங்கிலீஷ். வணக்கம் சொன்னான். சிஸ்டம் சாரின் முழுப் பெயரையும் இனிஷியலோடு சொல்லி, இவர் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறாரா என்று கேட்டான். எனக்குப் புரிந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. தினமும் நான்கு பேர் கேட்கிற கேள்விதானே அது?

ஆனாலும் என் சுபாவம், சந்தேகம் வந்துவிட்டது. ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.

"சார், உங்களைத்தான். நீங்க இங்க வேலை செய்றீங்களான்னு கேக்குறாரு."

"எந்த பேங்க்கு?"

"பேங்க்கு பேரு சொல்லல சார். இங்கிலீஷ்லயே பேசுறாரு. வேற மாரி இருக்குது சார், நீங்களே..."

"இங்கிலீஷ்ல கேட்டா மட்டும் பணம் வந்துடுமாமா?" நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. உள்ளங்கையை என் பக்கம் விரித்து இடமும் வலமும் ஆட்டினார். "இல்லன்னு சொல்லும்மா. சொல்லிக் குடுத்த மாரி சொல்லு."

சொன்னேன். கோபமாகவே சொன்னேன். பிறகு, நிச்சயமாகத் தெரியுமா, அந்தப் பெயரில் யாருமே இல்லையா என்று கேட்டான். "ஷ்யூர் சார், நோ சச் பர்சன்" என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

அந்த நன்றிதான் என்னை உறுத்தியது. வசூல்காரன் எவனும் நன்றி சொன்னதில்லை. அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டிவிட்டுத்தான் வைப்பான்.

"சார், தேங்க்யூ சொல்லிட்டு வெச்சாரு சார்."

"புதுசா வேலைக்கு வந்தவனா இருப்பான். நாலு நாள் போனா சரியாயிடுவான்."

கேனை ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டிருந்த தண்ணீர்க்காரர் சிரித்தார். செவிலிமேட்டு ஆள். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். "ஆளு குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கிறாரு, இல்லன்றியேமா. நான் கேன் போட்டதுக்கு கையெழுத்து யார் கிட்ட வாங்குறது, இருக்கிறவர் கிட்டயா, இல்லாதவர் கிட்டயா?"

லேப் மேடமும் சிரித்தார். சிஸ்டம் சாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் புத்திசாலி என்று சொல்ல வரவில்லை. பயந்தவளுக்குச் சிரிப்பு வராது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் பதிவாளருக்கு மெயில் வந்தது. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பித்தவர் என்று சொல்லப்படுகிற நபர் உங்கள் நிறுவனத்தில் வேலை செய்யவில்லை என்று உங்கள் நிறுவனமே உறுதி செய்திருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரில் யாரோ மோசடி செய்ய முயன்றிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மோசடி என்கிற வார்த்தை என் காதுக்கு வந்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. வெளிநாட்டுப் போலீஸ் எத்தனை நாளில் காஞ்சிபுரம் வரும் என்று கணக்குப் போட்டேன். என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். அவளை யார் வீட்டில் விடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் ஏஜென்ட் வந்துவிட்டார். மாதச் சம்பளம் கொடுக்க மூன்று நாள் தாமதமாக வருகிறவர், இதற்கு மட்டும் ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

"இன்னா பண்ணி வெச்சிக்கிற நீ? ஆளை மாத்துன்றாரு பதிவாளர். வேலையே போவப் போவுது, தெரியுமா? பெருக்குற வேலைக்குக்கூட உன்னை நான் எங்கயும் அனுப்ப முடியாது."

எனக்கு அந்த இரண்டாயிரத்து அறுநூறு வேண்டும். வேறெதுவும் வேண்டாம். மகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அதில்தான் போயின. என் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. மாதத்தில் பாதி நாள்தான் இருக்கும்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சிஸ்டம் சார் என்னைக் கூப்பிட்டார். அதுவரை அவர் என்னோடு நின்று பேசியதில்லை. குரலே மாறியிருந்தது.

"இந்தாம்மா, நான் சொல்றத கேளு. கார்டு விஷயம் பதிவாளருக்குத் தெரிஞ்சா என் வேலை காலி. நான் போனா உனக்கு என்ன லாபம், சொல்லு? உனக்கு இங்கிலீஷ் புரியலன்னு சொல்லிடு. படிக்காதவங்க, தெரியாம சொல்லிட்டாங்கன்னு விட்டுடுவாங்க. உன் வேலைக்கு நான் கேரண்டி."

"பணம் கட்டுன்னு சொன்னா, சார்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க. அப்படியே சொன்னாலும் நான் கையில குடுத்துடறேன். பெருமாள் மேல சத்தியம்மா."

அவர் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோவில் மதில் தெரிகிற தெருவில்தான். சத்தியம் செய்வதற்குக் கையை நீட்டினார். என் கையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தி எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷமே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தலையாட்டினேன்.

பதிவாளர் அறையில், சிஸ்டம் சாரையும் ஏஜென்டையும் வைத்துக்கொண்டே விசாரணை. மெயிலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். நியாயமான மனுஷன் என்று பெயர். என்னை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் கத்தவுமில்லை. யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டு மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். லேப் மேடம் பெயரைச் சொன்னதும் அவரை வரவழைத்தார்.

"நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"நான் செர்வர் ரூம் உள்ள இருந்தேன் சார். ஏசி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

வாய் கூசாமல் சொன்னார். முந்தாநாள் என் காதுபடச் சிரித்த அதே வாய். ஒரு செருப்போடு வாசலில் நின்றீர்களே மேடம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பதிவாளர் என் பக்கம் திரும்பி மூன்றாவது முறை கேட்டார். நான்கு பேர் என்றேன்.

"நாலாவது ஆள் யாரு? தண்ணி கேன் போடறவனா? அவனையெல்லாம் கூப்ட்டு நான் சாட்சி கேக்கணுமா?" என்று பேனாவை மூடி வைத்தார். பிறகு நேராகவே கேட்டார். "இதோ பாரும்மா. அப்படிச் சொல்லுன்னு யாராவது உன்கிட்ட சொன்னாங்களா?"

சிஸ்டம் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஏஜென்ட் என்னையே பார்த்தார். டைரி என் பையில் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்த மேசையில் வைத்திருந்தால் ஏழு பேருடைய பெயர்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்திருக்கும். ஏழு பேரும் அங்கேயே இருந்திருப்பார்கள், நான் மட்டும் இருந்திருக்க மாட்டேன். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இங்கிலீஷ் புரியல சார். தெரியாம சொல்லிட்டேன்."

"எதுவரைக்கும் படிச்ச?"

"ஒம்பதாவது சார்."

"பாத்தீங்களா?" என்று ஏஜென்டைப் பார்த்தார். "ஒம்பதாவது படிச்சவளைக் கொண்டுவந்து போர்டுல உக்கார வெச்சா வேற என்ன ஆகும்?"

ஏஜென்ட் சிரித்தார். சிஸ்டம் சாரும் மெல்லச் சிரித்தார். எனக்கு யார் மேல் அதிக அருவருப்பு வந்தது என்று இப்போது யோசித்தால், அவர்கள் மேல் இல்லை. புரிந்ததைப் புரியவில்லை என்று சொன்ன என் வாயின் மேல்தான்.

வேலை போகவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. ஆனால் வீணாய்ப் போன ஒன்பதாயிரத்து அறுநூறை ஏஜென்டிடமிருந்து பிடிக்கச் சொல்லி பதிவாளர் எழுதினார். ஏஜென்ட் அதை அப்படியே என் தலையில் வைத்தார். மாதம் அறுநூறு, பதினாறு மாதம். வீட்டில் சொன்னபோது என் கணவர் சாயக் கையைக் கழுவிக்கொண்டே, "இல்லாத ஆளுக்கு நீ ஏன்டி பணம் கட்டுற?" என்று கேட்டார்.

சர்ட்டிபிகேட்டுக்கு மறுபடி பணம் கட்டி விண்ணப்பித்தார்கள். இந்தத் தடவை கம்பெனியின் போனுக்காகக் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி காத்திருந்தார்கள். எனக்குப் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "எஸ் சார், ஹி இஸ் ஒர்க்கிங் ஹியர். ப்ளீஸ் ஹோல்ட் ஆன்." பதிவாளரின் பி.ஏ. வந்து என்னிடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். லேப் மேடம் கேட்டார். ஏஜென்ட்கூடக் கேட்டார், அவருக்கு இங்கிலீஷில் என் அளவுகூடத் தெரியாது. போன் எப்போது வரும் என்று தெரியாததால் நான் நாற்காலியை விட்டு நகரக் கூடாது. இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு வந்துவிட்டது. தண்ணீர்க்காரர் கேன் வைக்கும்போது என் முகத்தைப் பார்த்தார்.

"நான் வேணா பதிவாளர் கிட்ட வந்து சொல்றேன்மா. கைய ஆட்டினத என் கண்ணால பாத்தேனே. என்னை என்ன வேலைய விட்டா தூக்குவாங்க? கேன் இங்க போடலன்னா வேற எடத்துல போடுவேன்."

"வேணாம்ணா. நான் ஏற்கெனவே வேற மாரி சொல்லிட்டேன்."

"அப்ப நீயும் அவங்க கூட சேந்துட்டன்னு சொல்லு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனாலும் காலிக் கேனை உருட்டிக்கொண்டு அவர் போன பிறகு எனக்குக் கண்ணீர் வந்தது.

மூன்றாம் நாள் நாலு மணிக்குப் போன் வந்தது. அதே குரலா என்று தெரியவில்லை. சீட்டில் இருந்ததைச் சொன்னேன். அவன் நம்பிவிட்டான். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, முகம் தெரியாத என் வாயிலிருந்து வந்த ஒரு ஆமாமை நம்பினான். முதல் தடவை ஒரு இல்லையை நம்பிய மாதிரியே. லைனை மாற்றிக் கொடுத்தேன். சிஸ்டம் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று, "எஸ், ஸ்பீக்கிங்" என்று குழைந்தார்.

மறுநாள் பூட்டு வந்துவிட்டது. பதிவாளர் நேரில் பார்க்க வந்தார். அவரும் ஷூவை என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கழற்றினார். திரையின் மூலையில் அரிசி அளவு மஞ்சள் பூட்டைக் காட்டி எல்லோரும் கைதட்டினார்கள். மைசூர்பாகு கொடுத்தார்கள். எல்லோருக்கும் பீங்கான் தட்டில் வந்தது. எனக்கு நியூஸ் பேப்பர் துண்டில் வைத்து, மேசை விளிம்பில், சிஸ்டம் சார் சாவியைத் தடவுகிற அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். பேப்பரோடு மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மகளுக்கு எடுத்துப் போக மனசு வரவில்லை.

முதல் மாதப் பிடித்தம் ஆனதும் சிஸ்டம் சாரிடம் போய் நின்றேன். இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை மேசையில் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார். மீதி அடுத்தடுத்த மாதம் என்றார். அடுத்த மாதம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள், லேப் மேடம் ஏதோ மனசு உறுத்தியோ என்னவோ, சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? அந்த மொதோ பணம் அப்பவே திரும்பி வந்துடுச்சு. நிராகரிச்சா அந்தக் கம்பெனி காச வெச்சிக்க மாட்டாங்க. அவர் கார்டுக்கே போட்டுட்டாங்க. மெயில் நான் பாத்தேன்."

"எப்ப மேடம்?"

"உங்களுக்குப் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

பல்கலைக்கழகத்திடம் வவுச்சரில் வாங்கிய பணம் அவரிடம். கம்பெனி திருப்பிய பணம் அவர் கார்டில். வீணாய்ப் போனதாக எழுதிய பணம் என் சம்பளத்தில். ஒன்பதாவதுவரை படித்ததில் எனக்குக் கணக்கு ஒழுங்காக வரும். அவரிடம் போய்க் கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன், எனக்கு உயர்த்தத் தெரியாது.

"அது கார்டு கடன்லயே கழிஞ்சு போச்சும்மா. என் கைக்கு எங்க வந்துச்சு?" என்றார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. நிஜமாகவே தனக்குத்தான் அநியாயம் நடந்துவிட்ட மாதிரி சொன்னார். "நானே நொந்து போயிருக்கிறேன். நீ வேற நச்சரிக்காத."

பதிவாளரிடம் போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? இங்கிலீஷ் புரியவில்லை என்று அவர் முன்னால் சொன்னவள் நான். அதைப் பொய் என்று ஒப்புக்கொண்டால் பொய் சொன்னதற்காக அனுப்புவார்கள். மார்ச் மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. காண்டிராக்ட் புதுப்பித்தார்கள். பிடித்தம் தொடங்கிய எட்டாவது மாதத்தில் சிஸ்டம் சார் பெங்களூரில் பெரிய சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். பிரிவு உபசாரத்தில் அவர் நேர்மையைப் பற்றிப் பதிவாளர் பத்து நிமிடம் பேசினார். என் பிடித்தம் மேலும் எட்டு மாதம் நடந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு காந்தி ரோட்டுக் கடைக்கு வந்திருந்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, படியேறி உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றுவிட்டேன். முகூர்த்தப் புடவைக்கு நோட்டுகளை எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அட, நீயாம்மா? நல்லா இருக்கிறியா? இன்னும் அங்கதான் இருக்கிறியா?"

"அங்கதான் சார். அந்தப் பணம்..."

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "ஆபீஸ்ல வேலை செய்றவங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எண்ணிய கட்டைக் கடைக்காரரிடம் கொடுத்தார். என்னிடம், "பேங்க் அக்கவுண்ட் நம்பர் எழுதிக் குடும்மா, திங்கட்கிழமை போட்டுவிட்டுடறேன்" என்றார். கடைக்காரரிடம் பேனாவும் ஒரு துண்டுத் தாளும் வாங்கி, மகள் பெயரில் இருந்த அஞ்சலகக் கணக்கின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். நுனி விரலால் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எத்தனையோ திங்கட்கிழமைகள் போய்விட்டன. மாதம் அறுநூறு வீதம் பதினாறு மாதம் பிடித்தது ஒன்பதாயிரத்து அறுநூறு. அவர் விரலால் தள்ளிக் கொடுத்தது ஆயிரம். இன்னும் வர வேண்டியது எட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.